சபர் (வெளிநாட்டுக்கு) கிளம்புற பயலுக்கு: முதல் மூணு மாசம்

(ராமநாதபுரம் கடற்கரை ஊர்க்காரங்க நாலு பேர் பேசிக்கிட்டது. பேருக்குப் பதிலா ஊரு பேரு.)

பெரியபட்டினம்: மாமி மகன் அடுத்த மாசம் துபாய் போறான். வயசு 22. ராமநாதபுரம் காலேஜைத் தாண்டி எங்கயும் தனியாப் போனதில்ல. பெட்டியில என்ன வைக்கணும்னு நாங்க பாத்துக்கிறோம். போய் இறங்கினப்புறம் ஆளு எங்க தடுமாறுவான், அதைச் சொல்லுங்க.

கீழக்கரை: நம்ம ஊர்ல "யாரு வீட்டுப் புள்ள"ன்னு சொன்னாலே பாதிக் காரியம் முடிஞ்சிரும். பலசரக்குக் கடையில கடன்கூடக் கிடைக்கும். அங்க ரூம்ல ஆறு பேருன்னா ஆறு ஊரு. "சமைக்கத் தெரியுமா?"ன்னுதான் முதல் கேள்வியே வரும். தெரியாதுன்னா சட்டி கழுவுற முறை அவன் தலையில நிரந்தரமா விழுந்துரும். கிளம்புறதுக்குள்ள சோறு, பருப்பு, ஒரு மீனாணம் (மீன் குழம்பு), இந்த மூணும் கைக்கு வந்துறணும்.

ஆறு பேருக்கு ஒரு வேளைக்கு அரிசி 900 கிராம் போடலாம். ஒரு கிலோ மீனுக்கு எலுமிச்சை அளவு புளி. ஆணம் கொதிச்சு, பச்சை வாசம் போயி, எண்ணெய் மேல மிதந்தப்புறம்தான் மீனைப் போடணும். போட்டப்புறம் கரண்டியே கூடாது. சட்டியைத் துணியால பிடிச்சு ஒரு சுத்துச் சுத்தினாப் போதும். புதுசா ஆக்குறவன் அவசரத்துல மீனை முன்னாடியே போட்டுக் கிண்டுவான், முள்ளும் கூழுமா நிக்கும். ஐஸ் மீனை வெந்நியில போட்டு இளக்கினாலும் அதே கதிதான். முந்தின ராத்திரியே பிரிட்ஜோட கீழ்த்தட்டுல இறக்கி வச்சிரணும். அப்புறம், அங்க ஷேரின்னு விக்கிறது நம்ம விளைமீன்தான். ஹமூர்னா களவா. பேரு தெரியாமலே பாக்கெட் கோழியா வாங்கித் தின்னுட்டுக் கிடக்குற கடற்கரைப் பயலுக நிறைய.

தொண்டி: கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன சமையல் சரி. என் கணக்குல அதைவிடப் பெரிய தடுமாற்றம் வாயைத் திறந்து கேக்குறதுதான். பெரியவங்க முன்னாடி தலையாட்டியே வளர்ந்தவங்க ஆபீஸ் மேனேஜர் முன்னாடியும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுருவாங்க.

ஆஃபர் லெட்டர்ல பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவுன்னு கேக்கச் சொல்லுங்க. மொத்தம் 1,800 திர்ஹம்னு சொல்லுவான், அதுல பேசிக் 800தான் இருக்கும். முதல் அஞ்சு வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் பேசிக்தான் கிராஜுவிட்டி, அதாவது வேலை விட்டு வரும்போது குடுக்கிற தொகை. 800ன்னா ஏறக்குறைய 560 திர்ஹம், அதே 1,500ன்னா 1,050. வேலை விட்டு வரும்போதுதான் பல பேருக்கு இந்தக் கணக்கே விளங்குது.

பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடிச்சு வைக்க அங்க சட்டம் இடம் குடுக்கல. விசா வேலைக்குன்னு வாங்கினா தேதி போட்ட ரசீது கேக்கணும், வேலை முடிஞ்சதும் திரும்பக் கேக்கணும். கேட்டா ஒண்ணும் குடிமுழுகிப் போயிறாது. விசிட் விசாவுல வேலை பாக்கச் சொன்னா மட்டும் கிளம்பவே வேணாம்; மாட்டினா அபராதம், நாடு கடத்தல்னு பயலுக்கும் வரும். இந்தியாவுல பதிவு பண்ணின ஏஜெண்ட் வாங்கலாம்னு இருக்கிற கட்டணம் 30,000 ரூபா, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 35,400. அதுக்கு மேல கேட்டா அங்கயே எழுந்துருங்க.

மண்டபம்: வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. அமீரகத்துல வாட்ஸ்அப்ல எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம், கால் மட்டும் போகாது. போட்டிம் (Botim) மாதிரி அங்க ஓடுற கால் ஆப்தான் போடணும். ஏர்போர்ட்ல நின்னு உம்மாவுக்குச் சொல்லிக் குடுக்க முடியாது, இப்பவே அவங்க போன்ல ஏத்திப் பழக்கிருங்க. அங்க நமக்கு ஒண்ணரை மணி நேரம் பின்னாடி. அவன் ராத்திரி எட்டரைக்குக் கூப்பிட்டா இங்க பத்து. ஒரு நேரம் வச்சிக்கிட்டா நல்லது. வேளைக்கு வேளை வீடியோவுல பேசுறவன் உடம்பு அங்க, மனசு இங்கன்னு கிடப்பான். பக்கத்துக் கட்டில்காரன் பேரு தெரிய ரெண்டு மாசம் ஆகும்.

முதல் சம்பளத்தையும் உடனே எதிர்பார்க்காதீங்க. எமிரேட்ஸ் ஐடி (அங்கத்து அடையாள அட்டை), பேங்க் கணக்கு எல்லாம் முடிஞ்சு கைக்கு வர ஒண்ணரை மாசம்கூட ஆகும். அதுவரைக்கும் கையில 600, 700 திர்ஹம் இருக்கணும். இல்லைன்னா முதல் மாசமே ரூம்ல கடன்காரன்னு பேரு வாங்கிருவான்.

லீவு நாள் மத்தியானம்தான் ரொம்பக் கனக்கும். கட்டில்ல படுக்க விடாதீங்க. துபாய்ல தேராங்கிற பகுதியிலேருந்து எதிர்க்கரை பர்துபாய்க்கு அப்ரா படகு போகுது, ஒரு திர்ஹம்தான். டீசல் வாசமும் உப்புத் தண்ணியும் மூஞ்சியில அடிச்சா நம்ம பக்கத்துப் பயலுக்குக் கொஞ்சம் தெளியும்.

பெரியபட்டினம்: எல்லாம் சரி காக்கா. தொதல் (நம்ம ஊரு இனிப்பு) குடுத்து விடலாமா?

கீழக்கரை: தாராளமா. எண்ணெய் நல்லாப் பிரியுற வரைக்கும் கிண்டினதுன்னா கெடாமப் போய்ச் சேரும். பயப்பட வேண்டியது கசகசாவுக்கு. அமீரகத்துல அது போதைப்பொருள் கணக்குல வரும். தனிப் பொட்டலமா யாரும் வைக்க மாட்டாங்க, வீட்டுல அரைச்ச குருமாப் பொடியில இருக்கும். மசாலா அரைக்கிற அன்னைக்கு உம்மா பக்கத்துலயே நில்லுங்க.