சைக்கிள் கிராங்க் மாத்துனதுல இருந்து இடது கால் மிதிக்கைல 'கடக்'னு சத்தம், முன்னாடி உள்ள பெரிய பல்லு சக்கரத்துக்கு செயினும் ஏற மாட்டேங்கு

பாளை_மிதி

அண்ணாச்சிமாரே, ரெண்டு வாரமா மண்டை காயுது, கொஞ்சம் வழி சொல்லுங்க. எங்கிட்ட இருக்கது செகண்ட் ஹேண்ட்ல வாங்குன அலுமினிய ரோடு பைக். பழைய சதுர அச்சு கிராங்க் (பெடல் மாட்டுற ரெண்டு கையும் நடுவுல உள்ள அச்சும்) தேஞ்சு ஆடிட்டே கெடந்துச்சு, சரின்னு ஷிமானோ டியாக்ரா 4700 கிராங்க் வாங்கி (பல்லு 50-34, கை நீளம் 170 மில்லி) நானே மாட்டுனேன். பிபி (பாட்டம் பிராக்கெட், அச்சு சுத்துற பேரிங் உள்ள ரெண்டு கப்பு) தனியா ஆன்லைன்ல ஆர்டர் போட்டது. வலது கப்பு எதிர்ப்பக்கமா திருகணும்னு தெரியும், அதுல தப்பு பண்ணல.

வண்ணார்பேட்டை வரைக்கும் ஓட்டிப் பாத்தப்ப ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கெழம விடியக்காலைல சேரன்மாதேவி வழியா பாபநாசம் கெளம்புனேன், வீரவநல்லூர் தாண்டவும் இடது கால் கீழ போற ஒவ்வொரு மிதிக்கும் கடக், கடக். கல்லிடைக்குறிச்சில ஒரு டீக்கடை பக்கம் நிறுத்தி கிராங்க்கோட இடது கைய புடிச்சி ஆட்டுனா லேசா ஆடுது. ரெண்டு ஆலன் போல்ட்டையும் மூச்சு புடிச்சி முறுக்குனேன், ஒரு அஞ்சு கிலோமீட்டருக்கு சும்மா இருந்துட்டு திரும்ப ஆரம்பிச்சிட்டு. இதுல இன்னொண்ணு, முன்னாடி சின்ன பல்லுல இருந்து பெரிய பல்லுக்கு செயின் ஏறவே மாட்டேங்கு, முன் டிரெய்லர் (செயின தள்ளி பல்லு மாத்துற டெரெய்லர்) அதுக்கு எட்டவே இல்ல. அது எவ்வளவு தூரம் போகலாம்னு நிறுத்துற லிமிட் ஸ்க்ரூவ எவ்வளவோ கழட்டியாச்சு. கிராங்க்கே டூப்ளிகேட்டா இருக்குமோ?

அம்பை_ரைடர்

மொதல்ல பெடல கழட்டி மரைல கிரீஸ் வச்சி மாட்டிப் பாருங்க. எனக்கு மூணு மாசம் படுத்துன சத்தம் கடைசில பெடல்லதான் இருந்துச்சு, அதுக்குள்ள பாதி வண்டிய பிரிச்சாச்சு. சீட்டுல இருந்து எந்திச்சி மிதிச்சிப் பாருங்க, அப்ப சத்தம் வரலன்னா சீட் போஸ்ட்.

கொக்கிரகுளம்_ஸ்பேனர்

பெடல் இல்ல தம்பி. கை ஆடுதுன்னு அவரே சொல்லுதாரு, சீட் போஸ்ட்டுக்கும் கை ஆடுறதுக்கும் என்னவே சம்பந்தம்.

மூணு விசயம் சொல்லுங்க. பிபி டப்பால வளையம் மாதிரி ஸ்பேசர் வந்துச்சா, வந்ததுன்னா எங்கன போட்டீங்க? இடது கைல ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும்லா, அதுல உள்ள முள்ளு அச்சுல உள்ள ஓட்டைக்குள்ள எறங்குச்சா? பிபி ஷெல் (பிபி மாட்டுற பிரேம் குழாய்) அகலம் எவ்வளவு? வெர்னியர் இல்லன்னா ஸ்கேல் போதும்.

பாளை_மிதி

ஷெல் 68 மில்லி. மூணு வளையம் வந்துச்சு, டப்பால இருந்த பேப்பர்ல போட்டுருந்த படத்த பாத்து வலது பக்கம் ரெண்டு, இடது பக்கம் ஒண்ணு போட்டேன். அந்த தகடு… கேக்காதீங்க அண்ணாச்சி, அது கீழ எறங்கவே இல்ல, தொந்தரவா இருக்குன்னு கழட்டி டிராயர்ல போட்டுட்டேன்.

கொக்கிரகுளம்_ஸ்பேனர்

அட சவமே, அதுதான் வே கோளாறு! கிராங்க்கு நல்ல கிராங்க்தான்.

ஒங்களுக்கு வந்தது மலை சைக்கிளுக்கு உள்ள பிபி, படமும் அதுக்கு உள்ளது. மலை சைக்கிள் கிராங்க்ல அச்சு நீளம் கூடுதல், அதனால 68 ஷெல்லுன்னா வலது ரெண்டு இடது ஒண்ணு போட்டு நெரப்பணும். ரோடு கிராங்க் அச்சு கட்டை, அதுக்கு 68ல ஒரு ஸ்பேசரும் கெடையாது. நீங்க 2.5 மில்லி வளையம் மூணு போட்டீங்க, ஆக 7.5 மில்லி வீங்கிட்டு. அந்த 7.5 மில்லி அச்சு இடது கைக்குள்ள போகவே இல்ல. வெளிப்பக்க போல்ட்டுக்கு அடியில புடிக்க பாதி அச்சுதான் இருக்கும், எவ்வளவு முறுக்குனாலும் காத்தத்தான் புடிக்கும். வலது பக்கம் 5 மில்லி வெளிய தள்ளுனதுல பெரிய பல்லு டிரெய்லர் எட்டாத தூரத்துக்கு போயிட்டு. ரெண்டு நோவுக்கும் வேர் ஒண்ணுதான். அந்த முள்ளு, கை முழுசா ஏறிருக்கான்னு சொல்லத்தான் இருக்கு, அதப் போயி தொந்தரவுன்னு கழட்டிருக்கீரு.

இனிமே அத ஓட்டாதீங்க, கை கழண்டு வந்தா நடுரோட்ல மூஞ்சி பேந்துரும். கழட்டுன ஒடனே கைக்குள்ள அச்ச கவ்வுற பல்ல டார்ச் அடிச்சி பாருங்க. அச்சு இரும்பு, கை அலுமினியம், அரை கொறையா மாட்டி அம்பது கிலோமீட்டர் மிதிச்சா அலுமினியம்தான் தேயும். பல்லு முனை உருண்டு போயிருந்தா இடது கை மட்டும் தனியா கெடைக்கும், வாங்கிருங்க. லேசா கீறல்தான்னா கவலையில்ல.

பொறவு ரெண்டு கப்பையும் கழட்டி, ஷெல் மரைய மண்ணெண்ணெய் தொட்ட துணியால தொடச்சி, கிரீஸ் வச்சி, வளையம் இல்லாம கையாலயே உள்ள விடுங்க. கையால நாலஞ்சு சுத்து சுகமா போகலன்னா கோணலா ஏறுதுன்னு அர்த்தம், ஸ்பேனர தொடாதீங்க. கப்புக்கு முறுக்கு 35ல இருந்து 50 நியூட்டன் மீட்டர். அச்ச வலதுல இருந்து விட்டு, இடது கைய போட்டு, இடது கை வெளிப்பக்கம் மாட்டுற பிளாஸ்டிக் மூடி இருக்குல்லா, அத விரலால திருகுற அளவுக்கு மட்டும் (0.7 – 1.5), ஆட்டம் நின்னா போதும். அத போட்டு முறுக்குனா பேரிங் அரைபட்டுரும். முள்ளு எறங்குதான்னு பாத்துட்டு, ரெண்டு போல்ட்டையும் மாத்தி மாத்தி கொஞ்சங்கொஞ்சமா 12–14. ஒண்ண முழுசா முறுக்கிட்டு அடுத்ததுக்கு போனா முதல் போல்ட்டு திரும்ப லூசாயிருக்கும், அந்த தப்ப நானே பண்ணிருக்கேன்.

பேட்டை_பழையசைக்கிள்

எங்க காலத்துல கிராங்க் கைய அச்சுல புடிச்சி வைக்க காட்டர் பின்னுன்னு ஒரு ஆப்பு. லூசானா கடைக்காரரு சுத்தியலால ரெண்டு போடு போடுவாரு, மிச்சத்துக்கு ஒரு டின் தகடு துண்டு வெட்டி சொருகுவாரு. நியூட்டன் மீட்டராம்லா. ஆனா அந்த சத்தமும் இதே கடக் கடக்குதான்.

பாளை_மிதி

முடிஞ்சிட்டு அண்ணாச்சி! பிபி ஸ்பேனர் ஃபிரண்டுகிட்ட வாங்கிட்டு வந்து நேத்து ராத்திரி பிரிச்சேன். கைக்குள்ள வாய்ப்பக்கம் ரெண்டு பல்லுல பளபளன்னு தேஞ்ச அடையாளம், ஆனா உருளல. வளையம் இல்லாம மாட்டுனா கை பொசுக்குனு உள்ள போயிட்டு, டிராயர்ல கெடந்த தகட எடுத்து மாட்டி விரலால தட்டுனேன், 'டக்'னு எறங்குச்சு. லிமிட் ஸ்க்ரூவ பழையபடி திருப்பி வச்சேன், செயின் ஏறுது. இன்னைக்கு காலைல நாங்குநேரி வரைக்கும் போயிட்டு வந்தேன், வாரப்ப எதிர்காத்துல இடுப்பு ஒடிஞ்சிட்டு, ஆனா சத்தம் இல்ல. நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு போல்ட்ட இன்னொரு தடவ பாக்கணுமா?

கொக்கிரகுளம்_ஸ்பேனர்

ஆமா, பாத்துருங்க. அந்த பல்லுக்கும் அப்பப்ப ஒரு டார்ச் அடிங்க.

அம்பை_ரைடர்

அந்த மூணு வளையம் சும்மாதான கெடக்கு? எங்கிட்ட 68 ஷெல்லுல மலை சைக்கிள் ஒண்ணு பிரிச்சி கெடக்கு, வளையத்த தொலைச்சிட்டேன். வெள்ளிக்கெழம பாளை வாரேன், எடுத்து வைங்க.