சிங்கப்பூர் ஸ்டேடியம் ஷோ: எந்த சீட் பிளாக், எவ்வளவு செலவு, மேடை முழுசா வருமா?

தண்டையார்பேட்டை ரசிகை:
வணக்கம். நாங்க நாலு பேர், எல்லாரும் வடசென்னைதான். சிங்கப்பூர் நேஷனல் ஸ்டேடியத்துல ஒரு கே-பாப் (கொரியப் பாட்டுக் குழு) ஷோவுக்குப் போகலாம்னு இருக்கோம். தலைக்கு 60,000 ரூபாய்க்குள்ள முடியுமா? மேடை முன்னாடி நிற்கிற டிக்கெட் எடுக்கணுமா, கேலரி போதுமா? அமெரிக்க ஷோ வீடியோவுல பார்க்கிற மேடை, வாணவேடிக்கை எல்லாம் ஆசியாவுக்கும் அப்படியே வருமா?

பெரம்பூர் லைட்ஸ்:
அப்படியே வரும்னு நம்பி காசைக் கட்டாதீங்க. ஸ்டேடியம் டூர்ல சாமான் ரெண்டு வகை. தூண், தளம், கூரையைத் தாங்குற இரும்புச் சட்டம் ஒரு வகை. எல்.இ.டி. திரை, லைட், சவுண்ட் மிக்ஸர், வாத்தியம், உடை இன்னொரு வகை. இரும்பைக் கட்டி முடிக்கவே நாள் கணக்கா ஆகும். யூ2 ராக் குழு 2009–11 டூர்ல கிட்டத்தட்ட 50 மீட்டர் உயரத்துக்கு ஒரு நாலு கால் ராட்சத மேடை போட்டாங்க. அதுக்கு மூணு செட் இரும்பு வெச்சிருந்தாங்க. ஒரு ஊர்ல ஷோ நடக்கும்போதே அடுத்த ஊர்ல வேலை ஓடிக்கிட்டிருக்கும்.

அமெரிக்காவுல, ஐரோப்பாவுல இதெல்லாம் லாரியிலேயே போயிடும். ஆசியாவுல ஊருக்கு ஊர் நடுவுல கடல். கப்பல்ல போட்டா வாரக்கணக்கு, விமானத்துல ஏத்தினா எடைக்குக் காசு. அதனால பல குழுக்கள் இரும்பை அந்தந்த ஊர்லயே வாடகைக்கு எடுத்துட்டு, ரெண்டாவது வகையை மட்டும் கொண்டு வருவாங்க. கை வைக்கணும்னா முதல்ல எடை கூடினதுலதான் வைப்பாங்க: தலைக்கு மேல நகர்ற பாலம், தொங்குற மேடை மாதிரி. நெருப்பும் வாணமும் உள்ளூர் அனுமதியைப் பொறுத்தது. நேஷனல் ஸ்டேடியத்துக்கு மூடித் திறக்கிற கூரை வேற இருக்கு. மூடியிருந்தா வாணம் இன்னும் குறையும்.

அதே டூர் ஆசியாவுல தொடங்கின முதல் ஊர் வீடியோவைத் தேடிப் பாருங்க. திரை எத்தனை, நடுவுல நீட்டியிருக்கிற நடைமேடை எந்த பிளாக் வரைக்கும் வருதுன்னு கவனிங்க. அந்த நடைமேடைதான் உங்க சீட்டோட மதிப்பையே மாத்தும்.

வியாசை சவுண்ட்:
சீட் விஷயம் நான் சொல்றேன். கிட்டக்க இருக்கணும்னு பார்க்காதீங்க, கோணத்தைப் பார்த்துக் காசு குடுங்க.

தரை ஒரே மட்டம். அஞ்சே கால் அடிக்குக் கீழ இருக்கிறவங்க நிற்கிற பகுதியோட நடுவுல மாட்டிக்கிட்டா, முன்னாடி இருக்கிறவங்க தலையும் தூக்கின போனும்தான் தெரியும். ஷோ முழுக்கத் திரையைத்தான் பார்க்கணும். தடுப்புக் கம்பியை ஒட்டி இடம் கிடைச்சாத்தான் அந்த விலைக்கு அர்த்தம். அதுக்கு டிக்கெட்டுல இருக்கிற, உள்ள விடுற வரிசை எண் சின்னதா இருக்கணும், மணிக்கணக்கா நிற்கிற தெம்பும் வேணும்.

கேலரின்னா சீட் படத்துல மேடையோட முன் விளிம்பு மேல ஒரு ஸ்கேலை வெச்சு ரெண்டு பக்கமும் கோடு இழுங்க. அந்தக் கோட்டுக்குப் பின்னாடி விழுற பிளாக்குக்கு நடுத்திரை தெரியவே தெரியாது. கோட்டை ஒட்டின பிளாக்குக்கும் பக்கவாட்டு ஸ்பீக்கர் கொத்து பாதியை மறைக்கும். விலை மலிவா இருக்கிறது அதனாலதான். மேடைக்கு நேர் எதிர்ல, இல்லன்னா 45 டிகிரி வரைக்கும் சாய்வா, கீழ் அடுக்குல ஏழெட்டு வரிசைக்கு மேல எடுங்க.

சத்தம் 100 மீட்டரைத் தாண்ட ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். பின்னாடி இருக்கிறவங்களுக்காக நடுவுல டிலே டவர்னு ஸ்பீக்கர் கோபுரம் நிறுத்தி, அந்த ஸ்பீக்கரை அதே அளவு தாமதிச்சு விடுவாங்க. அப்படியும் தூரத்துல வாயசைவும் பாட்டும் ஒட்டாது. அதை எல்லாருக்கும் ஒரே மாதிரி சரி பண்ண முடியாது. மேல் அடுக்குல கூரையில பட்டுத் திரும்புற சத்தமும் சேர்ந்து பாட்டு வரி குழம்பும். சவுண்ட் இன்ஜினியர் தன் காதுக்குக் கேட்கிறதை வெச்சுத்தான் மிக்ஸ் பண்றார். அதனால அவர் உட்கார்ந்திருக்கிற மிக்ஸர் கூடாரத்துக்குப் பின்னாடி நேரா வர்ற கேலரியிலதான் பாட்டு சுத்தமா கேட்கும். தரையில மட்டும் அதுக்குப் பின்னாடி நிற்காதீங்க, கூடாரமே மறைச்சிடும்.

ராயபுரம் கணக்கு:
60,000 இழுத்துப் பிடிச்சா முடியும். ஒரு அளவுகோலுக்கு: 2024 மார்ச்ல டெய்லர் ஸ்விஃப்ட் அதே ஸ்டேடியத்துல 6 ராத்திரி பாடினப்போ சாதா டிக்கெட் 108லேருந்து 348 சிங்கப்பூர் டாலர், வி.ஐ.பி. 1,228 வரைக்கும் போச்சு. டாலரை 70 ரூபாய்னு வெச்சா 7,560லேருந்து 24,360. வி.ஐ.பி.ன்னா 85,960, அதுல ஒரு பங்கு நினைவுப் பொருள் பெட்டிக்கான காசு. அதைத் தொடவே வேணாம்.

கார்டு கட்டணத்தை யாரும் கணக்குல சேர்க்கிறதில்ல. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்து மேல 18 சதவீத ஜி.எஸ்.டி.ன்னா 24,360 ரூபாய் டிக்கெட்டுக்குக் கிட்டத்தட்ட 1,000 ரூபாய் கூடும். 'ரூபாயில கட்டுறீங்களா'ன்னு பணம் கட்டுற இணையப் பக்கம் கேட்டா வேணாம்னு சொல்லி டாலர்லயே கட்டுங்க. ரூபாயில அவங்க போடுற ரேட் மோசமா இருக்கும். கார்டுல வெளிநாட்டுப் பயன்பாடு மூடித்தான் இருக்கும், நாமதான் திறக்கணும். விற்பனைக்கு முந்தின நாளே பேங்க் ஆப்ல திறந்து வரம்பையும் ஏத்தி வைங்க. வரிசையில முறை வந்த பிறகு கார்டு மறுக்கப்பட்டா சீட் போயிடும்.

பெரிய சிக்கல் விசா. டிக்கெட் மாசக்கணக்கு முன்னாடி விற்கும், சிங்கப்பூர் விசாவுக்கோ பயணத்துக்கு 30 நாளுக்குள்ளதான் விண்ணப்பிக்கணும். மறுத்தா 30 சிங்கப்பூர் டாலர் விசா கட்டணமும் போச்சு, டிக்கெட் காசும் திரும்பாது. அதனால ஹோட்டலை ரத்து செய்யக்கூடியதா போடுங்க. பாஸ்போர்ட் இன்னும் 6 மாசம் செல்லுமான்னு இப்பவே பாருங்க. அதே டூர் மலேசியாவுல கோலாலம்பூர் புக்கிட் ஜலீல் ஸ்டேடியத்துக்கும் வந்தா அங்க போங்க: 2026 டிசம்பர் 31 வரைக்கும் நமக்கு விசா வேணாம், போறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள இணையத்துல வருகைப் படிவம் நிரப்பினா போதும். ஸ்டேடியம் பக்கத்துலயே ரயில் நிலையம்.

தண்டையார்பேட்டையிலேருந்து ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ ஒரே ரயில்தான், மாற வேணாம். ஆனா ராத்திரி 11க்கு மேல நம்பாதீங்க. திரும்பி வர்றது நடுராத்திரின்னா டாக்சிக் காசு எடுத்து வைங்க.

தண்டையார்பேட்டை ரசிகை:
ரொம்ப நன்றி. முதல் விற்பனையில கிடைக்கலன்னா மறுவிற்பனைத் தளத்துல வாங்கலாமா? ரசிகர்கள் கைல பிடிச்சு ஆட்டுற லைட் ஸ்டிக்கை இங்கேயே வாங்கிட்டுப் போகவா?

பெரம்பூர் லைட்ஸ்:
மறுவிற்பனைக்கு அவசரப்படாதீங்க. கைல டிக்கெட்டே இல்லாம விலை போடுறவங்க உண்டு, ஒரே பி.டி.எஃப்.பை நாலு பேருக்கு வித்தா வாசல்ல முதல்ல ஸ்கேன் ஆனவருக்குத்தான் உள்ள வழி. வாங்கியே ஆகணும்னா டிக்கெட் நிறுவனத்தோட ஆப் வழியா உங்க கணக்குக்கே மாத்திக் குடுக்கிறவர்கிட்ட மட்டும் வாங்குங்க. அதிகாரபூர்வ விற்பனையிலயும் கவனம் வேணும்: 2024ல ஒயாசிஸ் குழுவோட பிரிட்டன் ஷோவுக்கு 135 பவுண்டு நிற்கிற டிக்கெட், ஜனம் வரிசையில காத்துக்கிட்டிருக்கும்போதே 355 ஆச்சு. அதிகபட்சம் எவ்வளவுன்னு நாலு பேரும் முன்னாடியே பேசி வைங்க.

இன்னொரு வழி இருக்கு. மேடை எவ்வளவு இடம் பிடிக்கும்னு தெரியாததால சில பிளாக்கை விற்காமப் பூட்டி வைப்பாங்க. மேடை கட்டி முடிச்சு, பார்வை மறையலன்னு உறுதியானதும் கடைசி வாரத்துல அதைத் திறந்து விடுவாங்க, பல சமயம் சாதா விலைக்கே. ஆனா அதை நம்பி விமான டிக்கெட் போடாதீங்க. ஏற்கெனவே மேல் அடுக்கு டிக்கெட் கைல இருந்தா மட்டும் முயற்சி பண்ணுங்க.

லைட் ஸ்டிக்கை இங்கேயே வாங்கிடுங்க, ஆனா அந்தக் குழுவோட புது பதிப்பா பார்த்து வாங்குங்க. பழசுல புளூடூத் இல்லன்னா அரங்கத்தோட சேர்ந்து நிறம் மாறாது. பல ஷோவுல ஆப்ல சீட் எண்ணைப் போட்டு இணைக்கணும். உள்ள போனதும் நெட் படுத்துக்கும், அதனால ஆப்பையும் அப்டேட்டையும் ஹோட்டல்லயே முடிங்க. பெரும்பாலும் மூணு ஏ.ஏ.ஏ. பேட்டரி, பயணத்துல கழட்டி வைங்க, ஷோ அன்னிக்குப் புதுசு போடுங்க. சார்ஜ் குறைஞ்சா முதல்ல புளூடூத்துதான் விட்டுப் போகும்.