ஒரு கோப்பையும் வெல்லாத ஆண்டில் ஆசியாவின் முதலிடம்: ஜூவிக் பகுன்சானின் கணக்கு என்ன?

கேள்வி: காவேரிப்பட்டணத்தான்

அனைவருக்கும் வணக்கம். கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. என் தங்கை மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, சனி ஞாயிறுகளில் ஓசூர்ப் பக்கம் உள்ள ஒரு மைதானத்தில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் கேடி வேலைக்குப் போகிறான். போன வாரம் வீட்டுக்கு வந்தபோது, பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஜூவிக் பகுன்சான் என்பவர் 2011ஆம் ஆண்டில் ஆசியச் சுற்று (ஏஷியன் டூர்) என்ற தொழில்முறைப் போட்டித் தொடரின் தரவரிசையில் முதலிடம் பிடித்தார் என்றும், அந்த ஆண்டில் அவர் அந்தச் சுற்றின் ஒரு போட்டியில்கூட வெல்லவில்லை என்றும் சொன்னான். பிறகு நாற்பது வயதைத் தாண்டிய நிலையில், கேடி யாரும் இல்லாமல் தன் பையைத் தானே சுமந்து ஜப்பானில் ஒரு போட்டியை வென்றார் என்றும் சேர்த்துச் சொன்னான்.

ஆட்டம் வென்றவன்தானே முதல்வன்? ஒன்றும் வெல்லாமல் முதலிடம் என்றால் நம்ப முடியவில்லை. மைதானத்தில் யாரோ அளந்துவிட்ட கதையை இவன் நம்பிவிட்டானோ என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த ஆட்டத்தையே பிழைப்பாகக் கொள்ளலாமா என்று அவன் யோசிக்கத் தொடங்கியிருப்பதால், மாமன் என்ற முறையில் விவரம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாவேன்.

பதில் 1: ராயக்கோட்டை மண்டிக் கணக்கர்

ஐயா, உங்கள் மருமகன் சொன்ன இரண்டுமே உண்மை. முதல் புதிருக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். அது கணக்கு சார்ந்தது.

அந்தக் காலத்தில் ஆசியச் சுற்றின் தரவரிசை, வெற்றிகளின் எண்ணிக்கையை வைத்துப் போடப்பட்டதன்று. ஆண்டு முழுவதும் ஒருவர் ஈட்டிய பரிசுப் பணத்தைக் கூட்டி, யாருடைய தொகை அதிகமோ அவரை முதலில் வைத்தார்கள். எல்லாப் போட்டிகளின் பரிசும் ஒரே அளவாக இருந்திருந்தால் வெல்லாதவர் முதலிடம் பெறுவது அரிது. ஆனால் பரிசுத் தொகைகள் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாட்டோடு இருந்தன. சாதாரணப் போட்டி ஒன்றின் மொத்தப் பரிசு 3 லட்சம் டாலர் என்றால் வென்றவருக்கு அதில் 47,500 டாலர் அளவில் கிடைக்கும். சிங்கப்பூர் ஓபன் மட்டும், ஐரோப்பியச் சுற்றோடு சேர்ந்து நடந்ததால், 60 லட்சம் டாலர் போட்டியாக இருந்தது.

2011 நவம்பரில் செந்தோசா தீவில் நடந்த அந்தப் போட்டி, மழையும் மின்னலும் குறுக்கிட்டதால் 72 குழிகளுக்குப் பதிலாக 54 குழிகளோடு சுருங்கியது. முடிவில் பகுன்சானும் ஸ்பெயினைச் சேர்ந்த கொன்சாலோ ஃபெர்னாண்டஸ் காஸ்டான்யோவும் சமநிலையில் நின்றார்கள். சமநிலையைத் தீர்க்கும் கூடுதல் ஆட்டமான பிளே ஆஃப் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போய், இரண்டாவது குழியில் ஸ்பெயின்காரர் வென்றார். அவருக்குப் பத்து லட்சம் டாலர். தோற்ற பகுன்சானுக்கு ஏறத்தாழ 6,66,000 டாலர். அன்றைய நம் பணத்தில் மூன்று கோடி ரூபாய்க்கு மேல். மேலே சொன்ன சாதாரணப் போட்டிகளில் பதினான்கை வென்றால்தான் அந்தத் தொகை வரும் என்பதை வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய அவ்வாண்டு மொத்தம் 7,88,000 டாலரைச் சற்றே தாண்டியது. ஆக, ஒரே வாரத்தின் இரண்டாம் இடம் ஆண்டு வரவில் ஆறில் ஐந்து பங்காக ஆகிவிட்டது.

எங்கள் மண்டியில் தக்காளி போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நாற்பது நாள் கூலிக்கும் உரத்துக்கும் கட்டாத விலையில் கூடை கூடையாக இறக்கிவிட்டு, விலை ஏறிய அந்த ஒரு வாரத்தில் யாருடைய தோட்டத்தில் காய் இருந்ததோ அவர்தான் அந்த ஆண்டின் பெரிய விவசாயி. மற்றவர் விவசாயம் தெரியாதவர் என்று யாரும் சொல்வதில்லை. அதே நேரத்தில், காய் இருந்தவருக்கு வெறும் அதிர்ஷ்டம் என்றும் சொல்ல முடியாது, ஏனெனில் அந்த வாரம் வரை செடியை உயிரோடு வைத்திருந்தவர் அவர்.

பதில் 2: மத்தூர் வாசகி

இந்த இழையைப் பார்த்ததில் மகிழ்ச்சி. ஆனால் பிலிப்பைன்ஸ் கோல்ஃப் என்றால் முதலில் பேச வேண்டியவர் யுகா சாசோ அல்லவா? புலாக்கான் மாகாணத்தில் பிலிப்பினோ தாய்க்கும் ஜப்பானியத் தந்தைக்கும் பிறந்தவர். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தனிநபர், குழு என இரு தங்கம். பிறகு 2021 ஜூனில், இருபது வயது நிரம்புவதற்குச் சில நாட்களே இருந்தபோது, சான் ஃபிரான்சிஸ்கோவில் அமெரிக்க மகளிர் ஓபனை வென்றார். மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றின் பட்டத்தைப் பெற்ற முதல் பிலிப்பைன்ஸ் நாட்டவர், ஆணிலும் பெண்ணிலும், அவர்தான். ஒரு கோப்பையும் இல்லாத ஆண்டைப் பெரிதாகப் பேசிக்கொண்டிருப்பது எனக்குச் சற்று வியப்பாக இருக்கிறது.

பதில் 3: பழைய பைக்காரன், ஓசூர்

அம்மா சொல்வது சரிதான். சாசோவின் உயரம் வேறு. ஆனால் ஒரு சிறு குறிப்பு. சாசோ அந்த ஓபனை வென்றதற்குச் சரியாக ஒரு வாரம் முன்புதான், மே 30 அன்று, பகுன்சான் ஜப்பானில் வென்றார். அதனாலேயே அந்தச் செய்தி ஏழு நாள்கூட நிற்கவில்லை. பின்னர் சாசோ ஜப்பானியக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டதால், 2024இல் அவர் அதே பட்டத்தை மீண்டும் வென்றபோது அது ஜப்பானின் கணக்கில் சேர்ந்தது. ஐயா கேட்டிருப்பது பிழைப்பைப் பற்றியும் என்பதால், பத்தொன்பது வயதில் உச்சம் தொட்டவரைவிட நாற்பத்து மூன்றில் தொட்டவரின் கதைதான் அவருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

நான் பத்து ஆண்டுகளுக்கு மேல் பை சுமந்தவன். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால், ஆட்டம் தொடங்கும் நேரங்களை ஒழுங்குபடுத்தும் மேசை வேலையில் இருக்கிறேன். பகுன்சான் ஜப்பானில் வென்ற அந்த 2021 மிசுனோ ஓபன் பற்றிப் படித்தபோது என்னைப் பிடித்துக்கொண்டது வேறொரு விவரம். ஒரு பையில் அதிகபட்சம் 14 கிளப் (பந்தை அடிக்கும் மட்டை) வைத்துக்கொள்ளலாம்; 1930களின் கடைசியிலிருந்து இதுதான் விதி. கூடுதலாக ஒன்று இருந்தாலும் தண்டனை ஸ்ட்ரோக், அதாவது கூடுதல் அடி, கணக்கில் விழும். குறைவாக வைத்துக்கொள்ளத் தடையில்லை, ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. பகுன்சான் ஒகயாமாவின் செட்டோநைகாய் மைதானத்தில் 11 கிளப்போடு, பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ஆடினார். கொரோனாக் கட்டுப்பாடுகள் இருந்த ஆண்டு அது.

மூன்று கிளப்பை எடுத்துவிட்டால் பையின் எடை குறையும் என்பது எல்லாருக்கும் புரியும். ஆட்டத்தில் என்ன மாறுகிறது என்பதைக் கேடிதான் அறிவான். அயர்ன் என்னும் இரும்புத் தலைக் கிளப்புகளில் ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கஜ வேறுபாடு இருக்கும். முழு வீச்சில் அடித்தால் எது எவ்வளவு போகும் என்பது ஆட்டக்காரரின் கைக்கு மனப்பாடம். இடையில் ஒன்று இல்லையென்றால், பெரிய கிளப்பை எடுத்துப் பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, வீச்சையும் அடக்கி அடிக்க வேண்டும். அதைப் பயிற்சியில் எவரும் செய்வார்கள். போட்டியின் கடைசி நாளில், முன்னிலையில் இருக்கும்போது, எதிர்க்காற்றில் செய்வதற்கு இருபது ஆண்டு ஆடிய கை வேண்டும். அதோடு, தூரம் கணக்கிடுவது, பந்தைத் துடைப்பது, மணற்குழியை வாரியால் சமப்படுத்துவது எல்லாம் அவரே செய்ய வேண்டும். ஒரு நாள் ஆட்டத்துக்கு எட்டுப் பத்து கிலோமீட்டர் நடை. போட்டி நடக்கும் நாட்களுக்கெல்லாம் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் மாலை தோள்பட்டையில் பட்டை பதிந்த இடம் எப்படி எரியும் என்பது எனக்குத் தெரியும்; எனக்கு அந்த நேரத்தில் பந்தை அடிக்க வேண்டிய கவலை இருந்ததில்லை.

2006இல் தொழில்முறைக்கு வந்த பகுன்சான், 2007இல் இந்தோனேசியாவில் ஆசியச் சுற்றின் ஒரே வெற்றியைப் பெற்று, 2011இல் முதலிடம் பிடித்து, அதன்பின் ஜப்பானுக்குப் போய் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அங்கு ஒரு வெற்றியும் இல்லாமல் ஆடியிருக்கிறார். மிசுனோ ஓபன்தான் அங்கே அவருக்கு முதல் வெற்றி. அதே கோடையில் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஆடினார். பிலிப்பைன்ஸின் மூன்று பேர் கொண்ட கோல்ஃப் அணியில் சாசோவும் பியாங்கா பக்தாங்கனானும் மற்ற இருவர். அந்தப் பெண்கள் போட்டியில்தான் நம் பெங்களூரு அதிதி அசோக் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றார். அன்று எங்கள் கேடி கொட்டகையில் யாரும் மதியச் சோற்றைத் தொடவில்லை.

பதில் 4: ராயக்கோட்டை மண்டிக் கணக்கர்

பைக்காரர் சொன்ன பத்தாண்டைத்தான் நான் செலவுப் பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்வேன். ஒரு போட்டியின் முதல் இரண்டு நாள் ஆட்டத்துக்குப் பின் 'கட்' என்ற எல்லைக்கு வெளியே நின்றுவிட்டால் அந்த வாரம் ஒரு டாலரும் கிடையாது. ஆனால் விமானம், விடுதி, சாப்பாடு, கேடிக்கு வாரக் கூலி, வென்றால் அதற்குமேல் பத்து சதவீதம் வரை பங்கு, எல்லாம் ஆட்டக்காரரின் கையிலிருந்து போக வேண்டும். சம்பளம் என்ற பேச்சே இல்லை. வெற்றியே இல்லாமல் பத்தாண்டு ஒருவர் ஒரு சுற்றில் நிலைத்திருந்தார் என்றால், பெரும்பாலான ஆண்டுகளில் அவர் வாரக் கடைசியில் ஆடும் தகுதியைப் பெற்றுக்கொண்டே இருந்தார் என்று பொருள். கோப்பைப் பட்டியலில் இது தெரியாது. பேரேட்டில்தான் தெரியும்.

பகுன்சானுக்கு முன்பே பிலிப்பைன்ஸில் இந்த வழியைக் காட்டியவர் ஃபிராங்கி மின்யோசா. புக்கிட்னான் மலைப்பகுதியில் டெல் மான்டே நிறுவனத்தின் அன்னாசித் தோட்டத்தை ஒட்டிய மைதானத்திலிருந்து வந்து, ஜப்பான் சுற்றில் ஏழு பட்டங்கள் வென்றவர். மாம்பழக்கூழ் ஆலைகள் நிறைந்த நம் கிருஷ்ணகிரியில், மாந்தோப்புக்கு நடுவே ஒரு மைதானம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவ்வப்போது வேடிக்கையாக நினைத்துக்கொள்வேன்.

காவேரிப்பட்டணத்தான்

மூவருக்கும் மிக்க நன்றி. தக்காளிக் கணக்கு சொன்ன பிறகு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நானும் ஒரு காலத்தில் கால் ஏக்கர் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவன்தான். மத்தூர் அம்மா சொன்ன சாசோவைப் பற்றியும் மருமகனிடம் சொன்னேன். அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

கூலிக்கும் செலவுக்கும் வழி தெரியும்வரை ஓசூரில் ஐடிஐ சேர்ந்து படிக்கட்டும், ஆட்டம் காலையில் இருக்கட்டும் என்பது வீட்டில் எடுத்த முடிவு. அவனுக்கு அது முழு உடன்பாடு இல்லை. இன்று காலை பைக்காரர் எழுதியதைப் படித்துக் காட்டி, பதினான்கில் மூன்றை விட வேண்டுமென்றால் எதை விடுவாய் என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், தொலைவுக்கு அடிக்கும் மூன்றாம் எண் வுட், நான்காம் எண் அயர்ன், பந்தை உயரத் தூக்கும் லாப் வெட்ஜ் என்றான். இது சரியா?

பழைய பைக்காரன், ஓசூர்

முதல் இரண்டும் சரி. நானும் அவற்றைத்தான் வெளியே எடுப்பேன். லாப் வெட்ஜை விடச் சொன்னது, தம்பி இதுவரை காய்ந்த தரையில், மணற்குழி ஆழமில்லாத இடத்தில் மட்டும் ஆடியிருக்கிறான் என்பதைக் காட்டுகிறது. அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு முன்பாக என் மேசைக்கு வந்து கூப்பிடச் சொல்லுங்கள். ஏழாவது குழியின் இடப்பக்கம், ஆள் இடுப்புவரை இறங்கும் ஒரு மணற்குழி இருக்கிறது. அதற்குள் பந்தைப் போட்டுவிட்டு, லாப் வெட்ஜ் இல்லாமல் வெளியே எடுக்கச் சொல்கிறேன்.