கலைச்சொல்: சர்வரைத் தாக்கும் ஐபி முகவரிக்குத் ‘தாக்குமுகவரி’ பொருந்துமா?

வணக்கம்.

சர்வர் பாதுகாப்புக் கருவியொன்றின் இடைமுகத்தைத் தமிழாக்குகையில் நான்கு சொற்கள் முடிவாகாமல் நிற்கின்றன. கடவுச்சொல்லை மாற்றி மாற்றி முயன்று எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) வழியாக நுழையப் பார்க்கிற ஐபி முகவரியைத் ‘தீய முகவரி’, ‘தீங்கிழைக்கும் முகவரி’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. என் முன்மொழிவு:

தாக்குதல் வருகிற முகவரி: தாக்குமுகவரி
அதைப் பற்றி உரியவர்களுக்குத் தெரிவிப்பது: புகார்
தடுக்கப்பட்ட முகவரிகளின் பட்டியல்: தடைப்பட்டியல்
குற்றமில்லாமல் சிக்கிக்கொண்ட முகவரி: பொய் நேர்மறை

தடைப்பட்டியலில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன். மற்ற மூன்றையும் சர்வர் பராமரிப்பவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

———

> தாக்குதல் வருகிற முகவரி: தாக்குமுகவரி

‘தீய’, ‘தீங்கிழைக்கும்’ இரண்டையும் ஒதுக்கியது மிகச் சரி. முகவரிக்குக் குணம் கிடையாது. இன்ன நேரத்தில் இன்ன முகவரியிலிருந்து இன்னது வந்தது என்பது மட்டுமே சர்வரின் நிகழ்வுப் பதிவான லாக்கில் இருக்கிறது. வீட்டு இணைப்புகளில் ரவுட்டரை அணைத்துப் போட்டாலே முகவரி மாறிவிடலாம். நேற்று தாக்கிய எண் இன்று வேறொருவர் கையில் இருக்கும். கைப்பேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. இதற்கென்றே 100.64.0.0/10 என்ற தொகுதியை 2012-இல் இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 6598 ஒதுக்கியது. அப்படிப்பட்ட பொது முகவரியை ‘தீயது’ என்றால் அதன் பின்னால் இருக்கிற அத்தனை பேரையும் சொன்னதாகிறது.

தாக்குகிற கருவியின் சொந்தக்காரருக்கே விஷயம் தெரியாமலிருப்பதுதான் வழக்கம். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் காணொளிப் பதிவுப் பெட்டிகளையும் பிடித்து, அவற்றைக் கொண்டே மற்றவர்களைத் தாக்கியது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

ஆகவே சொல்லைத் தேடுமுன் எதை அழைக்கப்போகிறோம் என்று வரையறுத்துவிடுவோம். இணையத்தில் போகிற தரவுத் துண்டான பாக்கெட்டின் தலைப்பில், அனுப்பியவரைக் குறிக்கும் ‘மூலமுகவரி’ என்று ஒரு புலம் இருக்கிறது. அதில் இருப்பதெல்லாம் தாக்குதல் வந்த முகவரி ஆகிவிடாது. டிசிபி என்ற தொடர்பு நெறிமுறையில் இரு பக்கமும் கைகுலுக்கி முடித்தால்தான் தொடர்பு அமையும்; நம் பதில் அந்த முகவரிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து மறுபடி விடை வர வேண்டும். எஸ்எஸ்எச்-இல் கடவுச்சொல் முயற்சி ஒன்று லாக்கில் விழுந்திருந்தால் இத்தனையும் நடந்து முடிந்துவிட்டது என்று பொருள். அந்த முகவரியை நம்பலாம். கைகுலுக்கலே இல்லாத நெறிமுறையான யுடிபி அப்படியில்லை. மூலமுகவரியில் யார் எண்ணை வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். தொடக்கக் கோரிக்கைகளை மட்டும் கொட்டிக் கைகுலுக்கலை முடிக்காத டிசிபி சின் வெள்ளத்திலும் இதே கதைதான். இப்படிப் போலி முகவரியோடு பாக்கெட் வெளியேறாமல் ஒவ்வொரு வலையமைப்பும் தன் வாசலிலேயே வடிகட்ட வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே ஆர்எஃப்சி 2827 சொல்லிவிட்டது. எல்லாரும் செய்வதில்லை. எனவே யுடிபி வெள்ளத்தின் மூலமுகவரிகளை அள்ளிக்கொண்டுபோய்ப் பொதுப் பட்டியலில் கொட்டினால், பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்கிவிடுவோம்.

வெப் சர்வரில் இன்னொரு குழி உண்டு. முன்னால் சுமைபகிர்வியோ சிடிஎன்னோ (உள்ளடக்கத்தை விநியோகிக்கும் இடைச் சர்வர்கள்) இருந்தால் லாக்கில் விழுவது அதன் முகவரிதான். லாக்கைப் பார்த்து முகவரிகளைத் தானாகத் தடுக்கும் ஃபெயில்2பேன் அதைத் தடுத்துவிட்டால் தளம் எல்லாருக்கும் மூடிப்போகும். சரி, வந்தவரின் அசல் முகவரியைச் சுமந்து வருகிற எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் தலைப்பிலிருந்து எடுத்துக்கொள்வோம் என்று யார் அனுப்பினாலும் அந்தத் தலைப்பை நம்பினால் அது இன்னும் மோசம். தாக்குபவன் தலைப்பில் தான் விரும்பிய முகவரியை எழுதுவான். நம் கருவி அந்த அப்பாவியைத் தடுத்து, ஊருக்கும் அறிவிக்கும். நம் சொந்த இடைமுகவர்களின் (முன்னால் நிற்கிற அந்தச் சர்வர்களின்) முகவரிகளை மட்டும் நம்பகமானவை என்று என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளில் குறித்து, அவற்றிலிருந்து வருகிற தலைப்பை மட்டுமே ஏற்க வேண்டும்.

இதையெல்லாம் சேர்த்து என் வரையறை: ‘முழுமையான தொடர்பு ஏற்பட்டு, தாக்குதல் நடந்ததற்கு நம் லாக்கில் சான்று உள்ள, காலம் குறிக்கப்பட்ட முகவரி’. இதற்குச் சொல் வேண்டும். தாக்குமுகவரி கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இலக்கணம் அறிந்தவர்கள் பார்க்கட்டும்.

———

> இலக்கணம் அறிந்தவர்கள் பார்க்கட்டும்.

தாக்குமுகவரி வினைத்தொகை. சிக்கலும் அங்கேதான். சுடுசோறு, ஊறுகாய் போல முக்காலத்துக்கும் பொருந்தும்: தாக்கிய, தாக்குகின்ற, தாக்கும் முகவரி. சான்றோ கடந்த காலத்துக்கு மட்டும் இருக்கிறது. இதைக்கூடப் பொறுக்கலாம், பக்கத்தில் தேதி போட்டால் காலம் தெளிந்துவிடும். பொறுக்க முடியாதது அடுத்தது. குடிநீர் என்றால் நீர் குடிப்பதில்லை, குடிக்கப்படுகிறது. படுபொருளும் வினைத்தொகையில் வந்து நிற்கும். தாக்குமுகவரி என்று பார்க்கிற பயனருக்கு ‘தாக்கப்படுகிற முகவரி’ என்று, அதாவது தன் சர்வரின் முகவரி என்று படிக்க முழு உரிமை இருக்கிறது. ஒரே லாக் வரியில் இரண்டு முகவரியும் நிற்கிற இடத்தில் இந்த மயக்கம் ஆபத்து.

‘தாக்கிய முகவரி’ என்று பெயரெச்சமாக்கினாலும் தீராது: ‘அவன் தாக்கிய முகவரி’ என்றும் வரும். ‘தாக்குதல் வந்த முகவரி’? வெள்ளம் வந்த ஊர் என்றால் வெள்ளம் போய்ச் சேர்ந்த ஊர். ‘தாக்குதல் மூலம்’ என்று சுருக்கினால் அது வேற்றுமையுருபு போல ஒலிக்கும்: தாக்குதல் மூலம் என்ன செய்தான் என்று வாக்கியம் தொடர்கிற மாதிரி அந்தரத்தில் நிற்கும்.

நான் முன்வைப்பது ஏவுமுகவரி. ஏவுதளம் என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். எங்கிருந்து ஏவப்படுகிறதோ அந்த இடம். அந்த அச்சிலேயே இதுவும் நிற்கிறது. ஏவுகணையில் படுபொருள் வருகிறதே என்று கேட்கலாம். கணையை ஏவ முடியும், முகவரியை யாரும் ஏவ முடியாது, ஆகவே குழப்பம் எழாது. தளம் வேறு, ஏவியவர் வேறு என்ற பொருளும் உள்ளேயே அடங்குகிறது. பில்லி, சூனியம், ஏவல் என்ற வரிசை சிலருக்கு நினைவுக்கு வரக்கூடும். அங்கும் ஏவிவிட்டவர் மறைவில் இருப்பவர் என்பதால் அது இந்தச் சொல்லுக்கு வலுவே சேர்க்கிறது.

———

> நான் முன்வைப்பது ஏவுமுகவரி.

முழு மனத்தோடு ஏற்கிறேன். மூலமுகவரி என்பது பாக்கெட் சொல்வது, ஏவுமுகவரி என்பது நாம் சரிபார்த்துச் சொல்வது. இரண்டு சொல் இருப்பதால் இடைமுகத்தில் அந்த வேறுபாட்டைக் காட்டவும் முடியும். ஒரு நிபந்தனை: ஏவுமுகவரி வருகிற ஒவ்வோர் அட்டவணையிலும் ‘முதலில் கண்டது’, ‘கடைசியாகக் கண்டது’ என்ற இரண்டு பத்திகள் கட்டாயம் இருக்க வேண்டும்.

> அதைப் பற்றி உரியவர்களுக்குத் தெரிவிப்பது: புகார்

இங்கே இரண்டு வேலைகள் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஒன்று, தாக்குதல் முகவரிகளைத் திரட்டும் அப்யூஸ்ஐபிடிபி போன்ற பொதுத் தரவுத்தளத்தில் பதிவது. மற்றது, அந்த முகவரியை வைத்திருக்கிற வலையமைப்பு நிறுவனத்துக்கு மடல் எழுதி நடவடிக்கை கேட்பது. பொத்தானில் ‘புகார்’ என்று இருந்தால், அழுத்தியதும் நிறுவனத்துக்குத் தகவல் போய்விட்டது என்று பயனர் நிம்மதியாகிவிடுவார். பொதுத் தளத்தில் பதிந்ததெல்லாம் நிறுவனத்தின் அஞ்சற்பெட்டிக்குப் போய்ச் சேரும் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. முதலாவதை ‘அறிவிப்பு’ என்றும், இரண்டாவதை ‘முறையீடு’ என்றும் பிரிப்போம். இலங்கை வாசகர்களுக்கு ‘முறைப்பாடு’ பழகிய சொல். முறையீடும் அவர்களுக்கு அந்நியமில்லை.

அறிவிப்பில் கவனிக்க வேண்டியவை சில. அப்யூஸ்ஐபிடிபியில் ஒரே முகவரியை ஒரே கணக்கிலிருந்து 15 நிமிடத்துக்கு ஒரு முறைதான் பதியலாம். ஃபெயில்2பேனின் இயல்பான தடைக்காலம் 10 நிமிடம். தடை விலகியதும் அதே முகவரி மறுபடி வந்து சிக்கினால் இரண்டாவது அறிவிப்பு மறுக்கப்படும், பிழைச்செய்தி வரும். கருவி கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். தடைக்காலத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்தாலே இது ஓய்ந்துவிடும். வகை எண்ணையும் சரியாகப் போட வேண்டும்: கடவுச்சொல் முயற்சிக்கு 18, எஸ்எஸ்எச் என்றால் 22-ஐயும் சேர்க்க வேண்டும், போர்ட் (சேவை வாசல் எண்) துழாவலுக்கு 14, வெப் செயலித் தாக்குதலுக்கு 21. குறிப்புப் பகுதி எல்லாரும் பார்க்கிற இடம். லாக் வரியை அப்படியே ஒட்டினால் நம் சர்வரின் பெயரும், பயனர்பெயர்களும் வெளியே போகும். பெயருக்கான இடத்தில் தவறுதலாகக் கடவுச்சொல்லையே தட்டிவிடுகிறவர்கள் உண்டு என்பதால் பயனர்பெயரை மறைத்தே ஆக வேண்டும்.

முறையீட்டுக்கு முகவரி தேடுவதில்தான் பலர் வழி தவறுகிறார்கள். முகவரி யாருடையது என்று காட்டும் ஹூஇஸ் சேவையைக் கேட்டதும் முதலில் கண்ணில் படுகிற மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுகிறார்கள், சில சமயம் ஏப்னிக்குக்கே. ஏப்னிக், ரைப், ஆரின், லாக்னிக், ஆஃப்ரினிக் ஐந்தும் முகவரிகளைப் பங்கிடும் பதிவகங்கள். அந்த வலையமைப்பை அவை நடத்துவதில்லை, யாரையும் துண்டிக்கவும் அவற்றால் முடியாது. ஏப்னிக் விடையில் ஐஆர்டி என்ற பகுதியையும், ரைப்பில் அப்யூஸ்-சி என்பதையும், ஆரினில் ஆர்க்-அப்யூஸ்-ஈமெயில் என்ற வரியையும் பார்க்க வேண்டும். இவை எதுவும் அகப்படாவிட்டால், நிறுவனத்தின் களப்பெயருக்கு முன்னால் ‘அப்யூஸ்’ என்று போட்டு அனுப்பலாம். அப்படியொரு அஞ்சற்பெட்டி இருக்க வேண்டும் என்று 1997-இலேயே ஆர்எஃப்சி 2142 வகுத்திருக்கிறது.

முறையீட்டின் வடிவம் இப்படி இருந்தால் போதும். முகவரி, ஆவணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியிலிருந்து எடுத்தது:

ஏவுமுகவரி: 203.0.113.45
மூலப் போர்ட்: 51822
இலக்கு: எஸ்எஸ்எச், போர்ட் 22
முதலில் கண்டது: 2024-03-11 02:14:07 யுடிசி
கடைசியாகக் கண்டது: 2024-03-11 02:19:40 யுடிசி
நிகழ்ந்தது: 37 கடவுச்சொல் முயற்சிகள், அனைத்தும் தோல்வி
சான்று: லாக் வரிகள் கீழே, எழுத்து வடிவில்

நேரமண்டலம் இல்லாத நேரம் பயனற்றது. சர்வரின் கடிகாரம், நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபியோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பகிர்ந்த முகவரி என்றால் அந்த நொடியில் அந்தப் போர்ட்டை வைத்திருந்தவர் யார் என்று தேடித்தான் நிறுவனம் ஆளைக் கண்டுபிடிக்கும். நேரம் நழுவினால் தவறான வாடிக்கையாளர் மாட்டுவார். இதனால்தான் மூலப் போர்ட்டையும் பதிந்து வைக்கும்படி 2011-இல் ஆர்எஃப்சி 6302 பரிந்துரைத்தது. எஸ்எஸ்எச் லாக்கில் அது தானாகவே இருக்கிறது. என்ஜின்எக்ஸ்-இன் வழக்கமான லாக்கில் இல்லை, வடிவமைப்பில் நாமாகச் சேர்க்க வேண்டும். இந்த ஒரு வரியைச் சேர்க்காததால் எத்தனையோ முறையீடுகள் ‘போதிய தகவல் இல்லை’ என்று திரும்பிவிடுகின்றன. லாக்கைத் திரைப்பிடிப்பாக எடுத்து ஒட்டுவதையும் தயவுசெய்து தவிர்க்கச் சொல்லுங்கள், படத்திலிருந்து யாரும் எண்களைத் தட்டச்சு செய்ய மாட்டார்கள்.

———

> குற்றமில்லாமல் சிக்கிக்கொண்ட முகவரி: பொய் நேர்மறை

இது புள்ளியியல் பாடத்தில் இருக்கட்டும். சேவையைக் கண்காணிப்பவர் நள்ளிரவில் எச்சரிக்கையைப் படிக்கிறார். ‘நேர்மறை’ என்றதும் நல்லதென்று தோன்றிவிடும். இந்தக் கருவிக்கு ‘வீண்பழி’ பொருந்தும். ‘இந்த முகவரியை வீண்பழி எனக் குறி’ என்று பொத்தான் போட்டால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

வீண்பழி பெரும்பாலும் வெளியாருக்கு நேர்வதில்லை, நம்மவர்களுக்கே நேர்கிறது. ஃபெயில்2பேனின் இயல்பு அமைப்பில் 10 நிமிடத்துக்குள் 5 தோல்வி என்றால் தடை. கடவுச்சொல் மாறிய பிறகு பழைய சொல்லோடு மின்னஞ்சல் செயலியோ காப்புப்பிரதி நிரலோ முயன்றுகொண்டே இருந்தால் ஒரு நிமிடத்தில் ஐந்தும் தீர்ந்துவிடும். அலுவலகம் முழுவதும் ஒரே பொது முகவரியில் இருந்தால் எல்லாரும் வெளியே. விலக்குப் பட்டியலான இக்னோர்ஐபியில் நிர்வாக முகவரிகளைச் சேர்த்த பிறகே தானியங்கி அறிவிப்பை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் அலுவலகத்தை நாமே பொதுத் தளத்தில் ஏவுமுகவரியாக அறிவித்திருப்போம்.

வெளியிலிருந்து தடைப்பட்டியலை இறக்குகிறபோதும் அப்படித்தான். அப்யூஸ்ஐபிடிபி 0 முதல் 100 வரை நம்பக மதிப்பெண் தருகிறது. இரண்டு பேர் அறிவித்த முகவரியையெல்லாம் தடுக்கத் தொடங்கினால் வாடிக்கையாளர்களே மாட்டுவார்கள். உயர்ந்த மதிப்பெண்ணில் தொடங்கி, தடுக்காமல் லாக்கில் மட்டும் சில நாள் எழுதவிட்டு, யார் யார் சிக்கியிருப்பார்கள் என்று பார்த்த பிறகு ஃபயர்வாலில் ஏற்றுவது நல்லது. ஒவ்வொரு பதிவுக்கும் காலாவதி வேண்டும்.

ஒன்று மட்டும் மிச்சம். புதிய முகவரி முறையான ஐபிவி6-இல் ஒரே வாடிக்கையாளருக்கு, ஏராளமான முகவரிகள் கொண்ட /64 தொகுதி முழுவதும் கிடைத்துவிடுகிறது. தனி முகவரியைத் தடுத்தால் அடுத்த நொடி பக்கத்து எண்ணிலிருந்து வருவார். அங்கே தடுக்க வேண்டியது தொகுதியை. ஏவுமுகவரி அதற்குப் பொருந்தாது. ‘ஏவுதொகுதி’ என்று தனிச் சொல் வைக்கலாமா? மறுப்பு இல்லையென்றால் ஏவுமுகவரி, அறிவிப்பு, முறையீடு, வீண்பழி, தடைப்பட்டியல் ஐந்தோடு இதையும் சொற்கோப்பில் ஏற்றிவிடுங்கள். அறிவிக்கும்போது மட்டும் தொகுதியைப் போடாமல் லாக்கில் கண்ட முழு முகவரியையே போட வேண்டும் என்று உதவிக்குறிப்பில் ஒரு வரி சேருங்கள்.