மீன் இறங்குதளத்துப் பூனைகளுக்குக் கருத்தடை செய்வது எப்படி?

பாம்பன்வாசி கேட்கிறார்:
பாம்பனில் மீன் இறங்குதளத்தை ஒட்டிய தெருவில் வசிக்கிறேன். படகுகள் கரைசேரும் வேளையில் கழிவு மீனுக்காகக் கூடும் தெருப்பூனைகள் பெருகிக்கொண்டே போகின்றன. குட்டிகள் வண்டிகளில் அடிபட்டும் நோயுற்றும் மடிவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தெருவினர் சிலர் சேர்ந்து அவற்றுக்குக் கருத்தடை செய்விக்க முன்வந்துள்ளோம். அருகில் போனாலே சீறும் பூனைகளை எவ்வாறு பிடிப்பது? எல்லாவற்றையும் வேறு ஊரில் விட்டுவிடுங்கள் என்று சிலர் சொல்வது சரியா?

மண்டபம் தன்னார்வலர்:
சகோதரி, கையால் பிடிக்க முயலவே வேண்டாம். பூனை உள்ளே சென்றதும் கதவு தானாக விழும் கூண்டுதான் தேவை. இறங்குதளத்தில் வயிறார மீன் கிடைக்கும் நாள்களில் கூண்டுக்குள் என்ன வைத்தாலும் அவை திரும்பிப் பார்ப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாததால் கழிவு குறைந்து, பசியோடு திரியும் பூனை ஒரு சூடை மீனுக்கே உள்ளே வந்துவிடும். அதற்கு முன்பிருந்தே நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உணவு வைத்து வந்தால், எத்தனை பூனைகள் உள்ளன, எவை சினையாக இருக்கின்றன என்பதெல்லாம் உங்களுக்கே விளங்கிவிடும். பிடிபட்டவுடன் கூண்டைத் துணியால் மூடுங்கள். இருட்டில் பூனை அமைதியாகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கூண்டைச் சிறிது நேரம்கூட வைக்கக் கூடாது. பால் கொடுக்கும் தாய் சிக்கினால், குட்டிகள் இருக்குமிடத்தை அறியாமல் அதைக் கொண்டு செல்லாதீர்கள். அவை பசியால் இறந்துவிடும்.

கீழக்கரை, கால்நடை மருத்துவர் (ஓய்வு):
வேறு ஊரில் விடுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். கழிவு மீன் கிடைக்கும்வரை, காலியான இடத்திற்குப் பக்கத்துத் தெருப் பூனைகள் வந்து சேரும். கொண்டுபோய் விடப்பட்டவையோ இரை தேடும் இடம் தெரியாமல் வாடும். பசியால் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும். பெண் பூனைகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். நான்கு மாதக் குட்டியே சினையாகக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரங்கள்தான். மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, இடது காதின் நுனியைச் சிறிது வெட்டிவிடச் சொல்லுங்கள். கருத்தடை ஆனதற்கு அதுவே அடையாளம் என்பதால், அதே பூனையை மீண்டும் பிடித்து வதைக்க நேராது. மயக்கம் முழுதும் தெளிந்தபின், பிடித்த இடத்திலேயே விடுங்கள்.

தொண்டி வாசகர்:
பூனை கடித்தாலோ பிராண்டினாலோ, காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கூண்டைத் தூக்குபவர் கட்டாயம் தடித்த கையுறை அணிய வேண்டும்.