ஏப்ரலில் பிரசவம்: பிபிஓ எடுப்பதா, எச்.எஸ்.ஏ. திட்டம் எடுப்பதா?

எடிசன்வாசி:

நியூஜெர்சியில் இருக்கிறோம். ஓப்பன் என்ரோல்மென்ட் (அடுத்த வருஷ மருத்துவக் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் காலம்) வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மனைவிக்கு ஏப்ரல் இரண்டாம் வாரம் பிரசவம். அவர் எச்4 விசாவில் இருக்கிறார், வேலைக்குப் போகவில்லை. எங்கள் வரி அடுக்கு 22%. 2026-க்குக் கம்பெனி தரும் குடும்பத் திட்டங்கள் இரண்டு, நெட்வொர்க் (காப்பீட்டோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், ஆஸ்பத்திரிப் பட்டியல்) ஒன்றேதான்.

பிபிஓ (வழக்கமான திட்டம்): பிரீமியம் மாதம் 390 டாலர். டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டியது) ஆளுக்கு 750, குடும்பத்துக்கு 1,500. அதற்குமேல் நம் பங்கு 20%. அவுட் ஆஃப் பாக்கெட் உச்சம் (வருஷத்தில் நம் கையிலிருந்து போகக்கூடிய அதிகபட்சம்) ஆளுக்கு 3,500, குடும்பத்துக்கு 7,000.

ஹை டிடக்டிபிள் திட்டம்: பிரீமியம் மாதம் 240. டிடக்டிபிள் குடும்பத்துக்கு 4,000. ஆளுக்கு இவ்வளவு என்று எங்கும் போடவில்லை. அதற்குமேல் 10%. உச்சம் 8,000, அதுவும் மொத்தமாகத்தான். இந்தத் திட்டத்தோடு வரும் வரியில்லா மருத்துவச் சேமிப்புக் கணக்கான எச்.எஸ்.ஏ.-வில் கம்பெனி ஜனவரியிலேயே 1,000 டாலர் போடும்.

பிரசவம் இருக்கிற வருஷம் யோசிக்காமல் பிபிஓ எடு என்கிறார்கள் எல்லோரும். சரிதானா? இந்த வருஷ எஃப்.எஸ்.ஏ.-வில் (மருத்துவச் செலவுக்காகச் சம்பளத்தில் வரிக்கு முன் பிடித்து வைக்கும் கணக்கு) 410 டாலர் மீதி இருக்கிறது, அது தானாக அடுத்த வருஷத்துக்குப் போய்விடும் என்கிறது ஹெச்.ஆர். பிரசவத்துக்கு அம்மா ஊரிலிருந்து வருகிறார். அவருடைய டாக்டர் செலவுக்கும் எச்.எஸ்.ஏ. பணத்தை எடுக்கலாமா?

வரிக்கணக்கு:

டிடக்டிபிளை மட்டும் பார்த்துப் பயப்படுவதால்தான் அந்த அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிரீமியம், நம் கையிலிருந்து போகும் பங்கு, வரி மிச்சம் மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் வரி. சம்பளத்திலிருந்து பிரீமியம், எஃப்.எஸ்.ஏ., எச்.எஸ்.ஏ. எது பிடித்தாலும் 22% ஃபெடரல் வரியும், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்கான 7.65%-உம் மிச்சம். ஆக ஒரு டாலருக்கு 29.65 சென்ட். நியூஜெர்சி, கலிஃபோர்னியா இரண்டும் எச்.எஸ்.ஏ.-வை ஏற்பதில்லை, அதனால் மாநில வரியில் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. டபிள்யூ-2 என்ற வருஷச் சம்பளப் படிவத்தில் பெட்டி 1-ஐவிட (ஃபெடரல் சம்பளம்) பெட்டி 16-இல் (மாநிலச் சம்பளம்) தொகை கூடுதலாக இருந்தால் அடித்துப்பிடித்து பேரோலுக்கு மெயில் போடாதீர்கள், அது சரிதான்.

பிரீமியம் வரிக்குப் பின்: பிபிஓ வருஷத்துக்கு 4,680, உண்மையில் உங்களுக்கு 3,292. மற்றது 2,880, உண்மையில் 2,026.

நெட்வொர்க் விலையில் தாயின் பில் 20,000, குழந்தையின் பில் 4,000 என்று வைத்துக்கொள்வோம். குழந்தை பிறந்த நிமிஷத்திலிருந்து தனி ஆள், அதற்குத் தனி டிடக்டிபிள். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பிபிஓ-வில் தாய்க்கு 750-உம், மீதி 19,250-இல் 20% ஆக 3,850-உம் சேர்ந்து 4,600 வரும். உச்சம் தடுப்பதால் 3,500-இல் நிற்கும். குழந்தைக்கு 750-உம் 650-உம் சேர்ந்து 1,400. மொத்தம் 4,900. எஃப்.எஸ்.ஏ.-வில் 2026-இன் முழு வரம்பான 3,400-ஐயும் போட்டால் 1,008 மிச்சம். பிரீமியத்தோடு சேர்த்து 7,184.

ஹை டிடக்டிபிளில் இரண்டு பில்லும் ஒரே பானைக்குள் விழும். 4,000-உம், மீதி 20,000-இல் 10% ஆக 2,000-உம், மொத்தம் 6,000. கம்பெனி தரும் 1,000 போக 5,000 உங்கள் பணம், அதை எச்.எஸ்.ஏ. வழியாகக் கொடுத்தால் 1,482 மிச்சம். பிரீமியத்தோடு 5,544. பிரசவ வருஷத்திலேயே 1,640 டாலர் குறைவு.

குழந்தை என்.ஐ.சி.யூ.-வில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்க வேண்டி வந்து இரண்டு திட்டத்திலும் குடும்ப உச்சம் தொட்டாலும் முடிவு மாறாது: பிபிஓ 9,284, மற்றது 6,950.

பிபிஓ ஜெயிக்கும் இடமும் உண்டு. வீட்டில் ஒரே ஒருவருக்கு மட்டும் பெரிய செலவு, மாதாமாதம் ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஊசி மருந்து மாதிரி. அங்கே பிபிஓ ஆளுக்கு 3,500-இல் நிறுத்திவிடும், மொத்தம் 5,784. உங்கள் ஹை டிடக்டிபிளில் ஆளுக்கென்று உச்சமே இல்லாததால் அந்த ஒருவரே 8,000 வரை கட்ட வேண்டும், மொத்தம் 6,950. ஆகவே ‘ஆளுக்கு எதுவும் போடவில்லை’ என்றீர்களே, அதை எஸ்.பி.சி. என்கிற திட்டச் சுருக்கத்தில் இன்னொரு முறை உறுதி செய்யுங்கள். கணக்கே அதில்தான் இருக்கிறது. அதே ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில் பெக் என்ற பெண்ணின் பிரசவச் செலவு உதாரணமாகப் போட்டிருக்கும். எல்லாத் திட்டத்துக்கும் அதே பெக்தான், ஒப்பிட வசதி. ஆனால் அதில் பிரீமியம் சேராது.

பேரோல்காரர்:

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் அந்த 410 டாலர் அதை மொத்தமாகக் கவிழ்த்துவிடும்.

பொதுவான எஃப்.எஸ்.ஏ.-வில் ஒரு டாலர் அடுத்த வருஷத்துக்குக் கேரிஓவர் ஆனாலும் 2026 முழுக்க நீங்கள் எச்.எஸ்.ஏ.-வுக்குத் தகுதி இழக்கிறீர்கள். ஜனவரியிலேயே அதைச் செலவழித்துத் தீர்த்தாலும் பயனில்லை. கம்பெனி போடும் 1,000-உம் அதிகப்படித் தொகையாகிவிடும், எடுக்காமல் விட்டால் வருஷத்துக்கு 6% அபராதம். கணவன், மனைவி இருவரும் வேலை பார்க்கும் வீடுகளில் துணையின் எஃப்.எஸ்.ஏ.-வும் இதே வேலையைச் செய்யும்.

வழி இரண்டு. டிசம்பர் 31-க்குள் எஃப்.எஸ்.ஏ. கார்டிலேயே வாங்கி இருப்பைப் பூஜ்யமாக்குங்கள். கண்ணாடி, பி.பி. பார்க்கும் கருவி, வலி மாத்திரை, நாப்கின் எல்லாம் செல்லும். 2020-லிருந்து கடை மருந்துக்குச் சீட்டு தேவையில்லை. இல்லையென்றால், மீதியைப் பல், கண் செலவுக்கு மட்டுமான லிமிடெட் பர்ப்பஸ் எஃப்.எஸ்.ஏ.-வுக்கு மாற்ற முடியுமா என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

அடுத்து, பணம் வரும் வேகம். எஃப்.எஸ்.ஏ.-வில் வருஷத் தொகை முழுதும் முதல் நாளே கைக்கு வரும். எச்.எஸ்.ஏ.-வில் உள்ளே விழுந்தது மட்டும்தான். ஆனால் எச்.எஸ்.ஏ. பிடித்தத்தை வருஷ நடுவில் மாற்றலாம். இரண்டு வாரச் சம்பளமாக இருந்தால் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் ஏழு சம்பளம் வரும். ஒவ்வொன்றிலும் 715 பிடித்தால் 5,005 சேர்ந்துவிடும். பிறகு குறைத்துக்கொள்ளலாம். 2026-இன் எச்.எஸ்.ஏ. குடும்ப வரம்பு 8,750, கம்பெனி தரும் 1,000-உம் அதற்குள்தான்.

கணக்கை ஜனவரி முதல் வாரமே திறந்து பணம் விழுந்ததா என்று பாருங்கள். கணக்கு தொடங்கும் முன் நடந்த சிகிச்சைக்கு எச்.எஸ்.ஏ. பணம் செல்லாது. தொடங்கியபின் நடந்ததற்குக் கைக்காசு கொடுத்துவிட்டு, ரசீதைப் பத்திரப்படுத்தி, பத்து வருஷம் கழித்துக்கூட எடுத்துக்கொள்ளலாம்.

வரி தாக்கலில் வழக்கமான சறுக்கல் ஒன்று. டபிள்யூ-2 பெட்டி 12-இல் ‘டபிள்யூ’ குறியீட்டில் வரும் தொகையில் கம்பெனி போட்டது, உங்கள் சம்பளத்தில் பிடித்தது இரண்டும் இருக்கும். ‘நான் போட்ட பணம்’ என்று நினைத்து அதையே எச்.எஸ்.ஏ.-வுக்கான படிவம் 8889-இன் இரண்டாம் வரியிலும் (லைன் 2) போடுகிறார்கள். மென்பொருள் இரண்டையும் கூட்டி, வரம்பு மீறியதாகக் காட்டும். லைன் 2 என்பது வங்கியிலிருந்து நேரடியாகப் போட்ட பணத்துக்கு மட்டும்.

பில்லிங்மேசை:

பில் பக்கம் நான் சொல்றேன். ஒரே பிரசவத்துக்கு அஞ்சாறு பில் வரும்: ஓ.பி. (பிரசவம் பார்க்கிற) டாக்டர், ஆஸ்பத்திரி, எபிட்யூரல் (முதுகுல போடுற வலி மரத்துப்போற ஊசி) போட்ட அனஸ்தீசியா, லேப், குழந்தைக்கு ஆஸ்பத்திரி, குழந்தை டாக்டர். ஓ.பி. டாக்டர் கட்டணம் பெரும்பாலும் ‘குளோபல்’. மாதாந்திரச் செக்கப், பிரசவம், பிறகு பார்க்கிறது எல்லாம் ஒரே தொகையா, பிரசவத் தேதியில போடுவாங்க. அதனால இந்த வருஷம் போன செக்கப்பும் 2026 டிடக்டிபிள்லதான் விழும். ஏழாம் மாசம் வாக்கில முன்பணம் கேட்கிற கிளினிக்கும் உண்டு. கேட்டா, எந்தத் திட்டத்தை வெச்சு கணக்குப் போட்டீங்கன்னு கேளுங்க. பழைய திட்டத்து எஸ்டிமேட்டா இருக்கும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை தனி, அது நடந்த தேதிக்குத்தான்.

பில் வந்ததும் கட்டாதீங்க. இன்ஷூரன்ஸ்கிட்டேருந்து இ.ஓ.பி. (அவங்க எவ்வளவு கொடுத்தாங்க, உங்க பங்கு எவ்வளவுன்னு சொல்ற கணக்குத்தாள்) வரட்டும், அதுல உங்க பொறுப்புன்னு போட்டிருக்கிற தொகையும் பில்லும் ஒண்ணா இருந்தாத்தான் கட்டணும். ஆஸ்பத்திரி நெட்வொர்க்ல இருந்து அனஸ்தீசியா டாக்டர் மட்டும் வெளியாளா இருந்தா, 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்த நோ சர்ப்ரைசஸ் சட்டப்படி உங்ககிட்ட நெட்வொர்க் பங்குக்கு மேல கேட்க முடியாது.

குழந்தையைத் திட்டத்துல சேர்க்க கம்பெனிகள்ல வழக்கமா 30 நாள்தான். சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வரட்டும்னு உட்கார்ந்திருந்து கோட்டை விடுறாங்க. நம்பர் இல்லாமலே சேர்க்கலாம், பிறகு கொடுத்தாப் போதும். சேர்த்தா பிறந்த தேதியிலேருந்து செல்லும். அதுக்கு முன்னாடி போன குழந்தை பில் எல்லாம் நிராகரிச்சு வரும். பதறாம, மறுபடி பிராசஸ் பண்ணச் சொல்லுங்க. பிரெஸ்ட் பம்ப், சர்க்கரைப் பரிசோதனை ரெண்டு திட்டத்துலயும் இலவசம், டிடக்டிபிள் இல்லை.

எடிசன்வாசி:

நன்றி. 410-க்கு இன்றே கண்ணாடி ஆர்டர் போட்டாயிற்று. வேலை போனால் எச்.எஸ்.ஏ. என்ன ஆகும்? அம்மா விஷயமும் பாக்கி.

வரிக்கணக்கு:

வேலை போனால் எஃப்.எஸ்.ஏ. போய்விடும். எச்.எஸ்.ஏ. உங்கள் பெயரில் இருக்கும், கோப்ரா (வேலை போனபின் கம்பெனித் திட்டத்தை நம் காசில் தொடர்வது) பிரீமியத்தையே அதிலிருந்து கட்டலாம். கவனிக்க வேண்டியது வரம்பு: அது மாதக் கணக்கு. உதாரணமாக ஆகஸ்டோடு கவரேஜ் முடிந்தால் 8,750-இல் பன்னிரண்டில் எட்டுப் பங்கு, 5,833. நீங்கள் மொத்தம் 6,000 போட்டிருந்தால் 167 அதிகம். அதையும் அதன் வருமானத்தையும் வரி தாக்கல் கெடுவுக்குள் எடுத்துவிட வேண்டும். அதே திட்டத்தைக் கோப்ராவில் தொடர்ந்தால் அந்தத் தொல்லை இல்லை.

அம்மாவுக்கு எடுக்கக் கூடாது. எச்.எஸ்.ஏ. உங்களுக்கும் மனைவிக்கும் உங்கள் வரிச் சார்பாளர்களுக்கும்தான். விசிட்டர் விசாவில் வந்துபோகும் பெற்றோர் குடிமகனோ ரெசிடென்டோ அல்ல, எனவே அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். எடுத்தால் வருமான வரியோடு 20% அபராதம். விசிட்டர் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் அப்படியே. அதை அவர் விமானம் ஏறும் முன் வாங்குங்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன தருகிறார்கள் என்ற பத்தியை முழுக்கப் படியுங்கள்.

ஆனால் நீங்கள் மூவரும் ஊருக்குப் போகும்போது அங்கே கட்டும் பல், கண் செலவுக்கு எச்.எஸ்.ஏ. பணம் செல்லும். பெயர், தேதி, சிகிச்சை, தொகை எழுதிய ரசீது வேண்டும். ‘டிரீட்மென்ட் 12,000’ என்று மட்டும் கிறுக்கிய துண்டுச்சீட்டு ஆடிட்டில் நிற்காது. டாக்டர் சீட்டோடு வாங்கி அங்கேயே சாப்பிட்ட மருந்து செல்லும், இரண்டு நாட்டிலும் சட்டப்படியானதாக இருந்தால். ஆறு மாதத்துக்கு வாங்கிப் பெட்டியில் கட்டிக்கொண்டு வருவது செல்லாது.