பங்குனி உத்திரமும் இரண்டு சாஸ்தாக்களும்: ஓர் ஆச்சியின் பயணம்

இளவேனிலில் குடும்பத்தோடு போய்வந்த பயணங்களைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு வயது 71. தாம்பரத்தில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறேன். இலக்கணம் படித்தவர்கள் சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில் என்றும் பங்குனி பின்பனியில் சேர்ந்தது என்றும் சொல்வார்கள். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த எனக்கோ வேப்பமரத்தடியில் பூ உதிர்ந்து தரை வெளுக்கத் தொடங்கினால் வசந்தம் வந்துவிட்டது என்றே கணக்கு. அதையொட்டிப் பங்குனி உத்திரம் வரும், பிறகு சித்திரை விசு வரும். 2025ஆம் ஆண்டில் இவ்விரண்டும் ஒரே பயணத்துக்குள் அடங்கிவிட்டன.

தென்மாவட்டங்களைச் சேராதவர்களுக்காகச் சிறு விளக்கம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் குலதெய்வமாக ஒரு சாஸ்தா இருப்பார். குளத்தங்கரையிலோ காட்டுக்குள்ளோ பூரணை, புஷ்கலையோடு அமர்ந்திருக்கும் அந்த அய்யனாரை, எந்த ஊரில் பிழைத்தாலும் பங்குனி உத்திரத்தன்று வந்து கும்பிட்டுவிட்டுப் போவது வழக்கம். தீபாவளிக்கு எட்டிப் பார்க்காத பங்காளிகூட உத்திரத்துக்கு வந்துவிடுவார். பெண்ணுக்குக் கல்யாணமானதும் புகுந்த வீட்டுச் சாஸ்தாவே அவளுக்கும் சாஸ்தா. பிறந்த வீட்டுச் சாஸ்தாவைக் கும்பிடக் கூடாது என்று யாரும் தடுப்பதில்லை. ஆனால் இரண்டு கோயில்களிலும் ஒரே நாளில்தான் விசேஷம், ஆகவே போக வாய்ப்பதில்லை. எனக்கு 1975ஆம் ஆண்டு வைகாசியில் கல்யாணமானது. அந்த ஆண்டு பங்குனியில் பிறந்த வீட்டுச் சாஸ்தாவைப் பார்த்ததோடு சரி. ஒருமுறை மாமியாரிடம் கேட்டும் பார்த்தேன். "ஒரே நாள்ல ரெண்டு சாஸ்தாவா?" என்று அவர் சிரித்தார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறுபடி கேட்டிருப்பேனோ என்னவோ, சிரித்ததால் அதோடு விட்டுவிட்டேன்.

2025இல் ஏப்ரல் 10 மகாவீர் ஜெயந்தி, 11 வெள்ளிக்கிழமை உத்திரம், 14 திங்கள்கிழமை தமிழ்ப் புத்தாண்டு. நடுவில் ஒருநாள் விடுப்பு எடுத்தால் ஐந்து நாள் கிடைக்கும் என்று பேரன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். ரயில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன்னரே தொடங்கும். 2024 நவம்பரிலிருந்து அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே பிப்ரவரியில் ஒரு காலை நேரத்தில் வீட்டிலிருந்த மூன்று கைபேசிகளிலும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து ஒன்பது இடங்களைப் பிடித்தோம். எனக்குக் கீழ்ப்படுக்கை கிடைத்தது. மகனுக்கும் மருமகளுக்கும் வேறு வேறு பெட்டி.

செந்தூர் விரைவு வண்டியில் போவதில் எனக்கு ஒரு தனி ஆசை உண்டு. அது திருநெல்வேலியில் தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டியதும், சென்னையில் என்னைப் 'பாட்டி' என்றே அழைக்கும் பேரப்பிள்ளைகள் யாரும் சொல்லாமலே 'ஆச்சி' என்று அழைக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஸ்ரீவைகுண்டம் வரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இதே வண்டி பயணிகளோடு நின்றுபோன இடம் அது. அடுத்து ஆழ்வார்திருநகரி. நான் பிறந்த ஊர் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. எங்கள் சாஸ்தா இருக்கும் குளத்தங்கரையின் பனைவரிசை சன்னல் வழியாகத் தூரத்தில் ஒரு கோடுபோலத் தெரியும். இத்தனை ஆண்டுகளாக அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் கைகூப்பிக்கொண்டிருந்தேன்.

கொழுந்தனார் வீட்டில் தங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை விடியும் முன்பே தேரிக்குடியிருப்பிலுள்ள கற்குவேல் அய்யனார் கோயிலுக்குப் போய்விட்டோம். என் கணவர் வீட்டுக்கு அவர்தான் சாஸ்தா. தேரி என்றால் செக்கச்சிவந்த மணல்மேடு. முந்திரியும் உடைமரமும் பனையும் நிற்கும். பத்து மணிக்கு மேல் அந்த மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும், பேரனுக்குத் தெரியாது. செருப்பை வேனிலேயே விட்டுவிட்டு ஓடியவன், திரும்பும்போது என் பழைய துண்டைக் காலில் சுற்றிக்கொண்டு கொக்குப்போல் நடந்து வந்தான். மொத்தம் 23 பேர் கூடியிருந்தோம். பொங்கல் பொங்கி, பானக்காரம் கரைத்து, கொண்டுபோயிருந்த புளியோதரையை எள்ளுத் துவையலோடு பிரித்துச் சாப்பிட்டோம். பதநீர்க் காலம் என்பதால், ஓலைப்பட்டையில் நுங்கு போட்டு ஊற்றிக் கொடுத்த பதநீரை, பாட்டிலில் அடைத்த பானங்கள் தவிர வேறெதையும் தொடாத என் பேத்தி இரண்டு பட்டை வாங்கிக் குடித்தாள்.

அப்போதுதான் மகன், "அம்மா, உங்க சாஸ்தா இங்கேருந்து ஒரு மணி நேரந்தானே? போய்ட்டு வந்துருவோமா?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அரை நூற்றாண்டாக முடியாமல் இருந்தது உண்மையில் ஒரு மணி நேரத் தொலைவுதான் என்பதை அந்த நிமிடம்வரை நான் கணக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை.

ஒன்பது பேர் கிளம்பினோம். குளத்துக்கரை 2023 வெள்ளத்துக்குப் பிறகு உயர்த்தப்பட்டிருந்தது. நான் பார்த்த ஓட்டுச் சாய்ப்பு இல்லை. தளம் போட்டு, ஓடு பதித்து, கம்பிக்கதவு வைத்திருந்தார்கள். நாங்கள் சிறுபிள்ளைகளாக ஏறி விளையாடி அடி வாங்கிய மண்குதிரைகளில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது, அதற்கும் ஒரு காது இல்லை. மருதமரங்கள் மட்டும் அப்படியே நின்றன. உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு, வெளியே வரிநோட்டு வைத்திருந்த இளைஞரிடம், பங்காளிக் குடும்பங்கள் கோயிலுக்குக் கொடுக்கும் தலைக்கட்டு வரியைக் கொடுக்க வேண்டும் என்றேன். யார் வீடு என்று கேட்டார். சொன்னேன். அவர் மிகவும் மரியாதையாக, "ஆச்சி, கட்டிக் குடுத்த பொண்ணுங்களுக்கு வரி கெடையாது, நன்கொடைன்னு எழுதிக்கிடட்டுமா?" என்று கேட்டார். அவர் மேல் பிழையில்லை, நோட்டில் எங்கே எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை. நன்கொடை என்றே எழுதிக்கொண்டார். அந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் தைத்தது என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் மருதமரத்தடியில் கம்பை ஊன்றி உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி, பேச்சுக்குரலை மட்டும் கேட்டுவிட்டு, "ஏட்டி, சித்தப்பா மவளா நீ? இம்புட்டு வருசம் எங்கட்டி போன?" என்றார். என் பெரியப்பாவின் மகள், என்னைவிட ஏழு வயது மூத்தவர். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டதால் இரண்டு சாஸ்தாவுக்கும் நடந்தே போய்வந்துகொண்டிருக்கிறார். கண் சரியாகத் தெரியவில்லை. ஆனால் எங்கள் அம்மையின் குரல் எனக்கு இருக்கிறதாம். என் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் முகத்தைத் தடவிப் பார்த்து, இவன் இன்னார் சாயல், இவள் இன்னார் சாயல் என்று சொல்லிக்கொண்டே போனார். அக்காவும் நானும் எவ்வளவு நேரம் பேசினோம் என்று நினைவில்லை. வேன் ஓட்டுநர் இரண்டு முறை ஒலிப்பானை அடித்தார்.

திரும்பும் வழியில் பேத்தி, "எல்லாருக்கும் சாஸ்தா இருக்காரே, அம்மாவோட சாமி எது?" என்று கேட்டாள். என் மருமகள் மன்னார்குடிப் பக்கத்தைச் சேர்ந்தவள். கல்யாணமாகி வந்தபின் தன் பிறந்த வீட்டுக் குலதெய்வத்தைப் பார்த்து 12 ஆண்டுகள் ஆகின்றன என்று சன்னல் பக்கம் திரும்பியபடி சொன்னாள். என் மாமியாராவது சிரித்துக்கொண்டு ஒரு பதில் சொன்னார். நான் அவளிடம் கேட்டதுகூட இல்லை.

சனிக்கிழமை முழுவதும் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேப்பமரத்தடியில் வேட்டியை விரித்துப் பூ உதிர்த்தோம். பிற்பகலில் விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டோம். அன்றிரவே கண்ணாடி, சரக்கொன்றைப் பூ, மாம்பழம், பலா, வெள்ளரிக்காய், நகை, காசு எல்லாம் வைத்துக் கனி ஒருக்கினோம். விசு அன்று விடியற்காலையில் பிள்ளைகளைக் கண்ணைப் பொத்தியபடியே அழைத்துவந்து கனி காணச் செய்து கைநீட்டம் கொடுத்தேன். பத்து ரூபாய் நாணயம்தான். கைபேசியில் பணம் அனுப்பியிருக்கலாமே என்று பேரன் கேட்டான், அதற்கு நாத்தனார் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. பிறகு பாபநாசம் கோயில். அகத்தியருக்குச் சிவபெருமான் திருமணக்கோலம் காட்டிய தலம் என்பதால் அங்கே சித்திரை விசு பெரிய திருவிழா. ஆற்றில் குளித்து, உலகம்மை சன்னதி முன்னாலிருக்கும் உரலில் பெண்கள் எல்லோரும் ஆளுக்கு நாலு இடி மஞ்சள் இடித்தோம். படித்துறையில் மட்டும் குளிப்பவர்கள் விட்டுச்சென்ற பழைய துணிகள் காலில் சுற்றிக்கொண்டன. ஆற்றில் துணியை விட்டால் பாவமும் போய்விடும் என்று சொல்லிக்கொடுத்தது யார் என்று எனக்குப் புரியவே இல்லை.

அன்றிரவு திருநெல்வேலியில் ரயிலேறினோம். வேப்பம்பூ இன்னும் ஒரு டப்பா இருக்கிறது.

*

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் என் அம்மாச்சியின் நினைவு வந்துவிட்டது. எங்களுக்கு வசந்தம் என்றால் சித்திரைத் திருவிழாதான். அழகர்கோயிலிலிருந்து புறப்பட்டு வரும் கள்ளழகரைத் தல்லாகுளத்தில் எதிர்சேவையில் பார்த்து, மறுநாள் விடியலில் வைகையில் இறங்குவதையும் பார்த்தால்தான் அம்மாச்சிக்கு அந்த ஆண்டு கணக்கில் சேரும். செம்பில் சர்க்கரை நிரப்பி, மேலே சூடம் ஏற்றி அழகருக்குக் காட்டுவார். 2025இல் மே 12 அன்று ஆற்றில் இறங்கிய நேரத்தில் அந்தக் கூட்டத்தில் அவரைத் தொலைத்துவிட்டோம். மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று அலைந்து, ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு ஒரு நீர்மோர்ப் பந்தலில் கண்டுபிடித்தோம். பந்தல்காரர்கள் உட்கார நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். இவர் உட்காராமல், மோரில் உப்புப் பற்றவில்லை என்று சொல்லி, கரண்டியை வாங்கித் தானே ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எங்கடா போனீங்க எல்லாரும்?" என்பதுதான்.

*

இன்னோர் உறுப்பினர்:

வணக்கம் அம்மா. எங்கள் தாத்தா சிறுவயதிலேயே ஊரை விட்டு வந்துவிட்டதால் எங்கள் சாஸ்தா யாரென்றே தெரியவில்லை. இப்படிப்பட்டவர்கள் என்ன செய்ய வேண்டும்? இன்னொன்று, கேட்கலாமா என்று தெரியவில்லை: உங்கள் மருமகளின் குலதெய்வக் கோயிலுக்குப் பிறகு போனீர்களா?

*

மறுமொழி:

மதுரைத் தம்பிக்கு: உங்கள் அம்மாச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மோரில் உப்புப் பற்றாவிட்டால் நானும் சும்மா இருந்திருக்க மாட்டேன்.

சாஸ்தா தெரியாதவர்கள் காரையாற்றில் இருக்கும் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடலாம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கோயில் புலிகள் காப்பகக் காட்டுக்குள் இருப்பதால் வனத்துறைச் சோதனைச் சாவடியில் நேரக் கட்டுப்பாடு உண்டு, காலையிலேயே போய்விடுங்கள். அதற்கு முன்னால் தாத்தாவின் ஊர்ப்பெயர் தெரிந்தால், அங்கே உங்கள் பங்காளி வீடு ஏதேனும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வரிநோட்டில் எப்படியும் ஒரு பெயர் கிடைக்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: போனோம். வைகாசியில் பள்ளி திறப்பதற்கு முன்னால் போனோம். அங்கே மாவிளக்குப் போட வேண்டும் என்றாள் மருமகள். எனக்கு அந்தக் கோயிலின் முறை எதுவும் தெரியாது. அவள் பச்சரிசி மாவும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து குழித்துக் கொடுக்கக் கொடுக்க, நான் நெய் ஊற்றித் திரி போட்டுக்கொண்டிருந்தேன். திரி கனமாக இருக்கிறது என்று ஒருமுறை திருத்தினாள். கோயிலில் வரி எழுதுபவர் யாரும் இல்லை, உண்டியல் மட்டும் இருந்தது.